உழைத்துப் படித்தோர் கணக்கு

‘உழைத்துப் படித்தவர்’ என்னும் தொடர் பெரியோர் வாழ்க்கை வரலாறுகளில் தவறாது இடம்பெறும். அதனைப் படிக்கும்போது நம் உள்ளம் நெகிழ்கின்றது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்கின்றோம். ஆனால், அந்த உழைப்பு எவ்வளவு ஈட்டியது, கல்விக்கு எவ்வளவு செலவாயிற்று, இரண்டுக்கும் இடையே கிடந்த பள்ளத்தை யார் நிரப்பினார் என்னும் கணக்கை நாம் கேட்பதில்லை. கேட்டால் உழைத்தவரின் பெருமை குறைந்துவிடுமோ என்று அஞ்சுகின்றோம் போலும். அவ்வச்சம் தேவையற்றது. மாணவர் உழைப்பைக் கல்விக் கட்டணத்தோடு இணைக்கும் முயற்சி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகின்றது. அந்த வரலாற்றில் இக்கணக்கு வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றது. நாம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் கடந்துவிடுகின்றோம்.

புக்கர் டி. வாஷிங்டனை எடுத்துக்கொள்வோம். அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப்பின் மேற்கு வர்ஜீனியாவின் உப்பு உலைகளிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்த இவர், 1872ஆம் ஆண்டு ஏறத்தாழ ஐந்நூறு மைல் தொலைவிலிருந்த ஹாம்ப்டன் கல்விக்கூடத்தை நாடிப் புறப்பட்டார். கையிலிருந்த பணம் வழியிலேயே தீர்ந்தது. நடந்தும், கிடைத்த வண்டிகளில் ஏறியும், ரிச்மண்ட் நகரில் மரப்பலகை நடைபாதையின் அடியில் உறங்கியும், கப்பலில் சரக்கு இறக்கியும் அவர் ஹாம்ப்டன் வந்து சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது ஐம்பது சென்ட். அழுக்கேறிய உடையோடு நின்ற அந்த இளைஞரைச் சேர்த்துக்கொள்ளத் தலைமை ஆசிரியை தயங்கினார். நெடுநேரம் கழித்து, அடுத்த அறையைப் பெருக்கும்படி பணித்தார். அவர் மும்முறை பெருக்கினார்; நான்கு முறை தூசி துடைத்தார். ஆசிரியை தம் கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார், தூசி ஒட்டவில்லை. அந்தத் துடைப்பமே அவருடைய நுழைவுத் தேர்வாயிற்று. கட்டடக் காவலரும் துப்புரவாளருமாக இருக்கும் வேலையும் உடன் கிடைத்தது.

இதுவரை பலரும் அறிவர். இனி வருவது கணக்கு. உணவுக்கும் உறைவிடத்திற்கும் மாதம் 10 டாலர். துப்புரவு வேலையைச் சிறப்பாகச் செய்ததனால் நாளடைவில் அத்தொகை முழுவதும் உழைப்பிலேயே கழிக்கப்பட்டது. கல்விக் கட்டணமோ ஆண்டுக்கு 70 டாலர். அதனை அவரால் செலுத்த இயலவில்லை. ஹாம்ப்டனின் தலைவரான ஜெனரல் ஆம்ஸ்ட்ராங், நியூ பெட்ஃபோர்டு நகரச் செல்வர் ஒருவரிடம் சொல்லி, படிப்பு முடியும்வரை அக்கட்டணத்தைச் செலுத்தச் செய்தார். உடைகள் வடமாநில மக்கள் பீப்பாய்களில் அனுப்பிவைத்த பழைய துணிகளிலிருந்து கிடைத்தன. இவற்றையெல்லாம் வாஷிங்டன் 1901இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் நன்றியோடு எழுதியிருக்கின்றார், எதையும் மறைக்கவில்லை. தன்முயற்சிக்கு இலக்கணமாக உலகம் காட்டும் அம்மனிதரின் உழைப்பு அவருக்குச் சோறு போட்டது. பாடத்திற்கான பணம் வேறொருவர் கையிலிருந்து வந்தது. உழைப்பு, கொடை என்னும் இவ்விரு பத்திகளும் எல்லா இடங்களிலும் சேர்ந்தே வருவதைக் காணப்போகின்றோம்.

வேலை செய்து படிப்பது அமெரிக்கர் கண்டுபிடித்த முறையன்று. கேம்பிரிட்ஜிலும் டப்ளினிலும் ‘சைஸர்’ என்றும் ஆக்ஸ்ஃபோர்டில் ‘சர்விட்டர்’ என்றும் அழைக்கப்பட்ட மாணவர்கள், கட்டணச் சலுகைக்கு ஈடாகச் செல்வ மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஏவல் செய்தனர். உணவு பரிமாறினர், அறைகளைத் துப்புரவு செய்தனர், பிறர் உண்டு எஞ்சியதை உண்டனர். ஐசக் நியூட்டன் 1661இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தது இத்தகைய ஏவல் மாணவராகத்தான். அவர் தாயார் வசதியற்றவர் அல்லர் என்பது வேறு செய்தி. பிற்காலத்தில் பெரும் மறையுரையாளராகப் புகழ்பெற்ற ஜார்ஜ் விட்ஃபீல்டு 1732இல் ஆக்ஸ்ஃபோர்டில் சர்விட்டராகச் சேர்ந்தார். கிளாஸ்டர் நகரில் தாயாரின் விடுதியில் பரிமாறிப் பழகிய கைகள் அங்கே அவருக்குத் துணை நின்றன. டப்ளினில் படித்த எழுத்தாளர் ஆலிவர் கோல்டுஸ்மித்தோ அந்த இழிவை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. சைஸர்கள் அணியவேண்டிய தனி உடையே அவர்களைத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டியது. வேலை கடினமாக இருந்தது என்பதைவிட, ஏழைக்கு மட்டுமே வேலை இருந்தது என்பதே அம்முறையின் நஞ்சு. ஒரே மேசையில் ஒருவர் அமர, மற்றவர் பரிமாற, இருவரும் ஒரே பாடத்தைப் படித்தனர்.

இதற்கு நேர்மாறான மரபொன்றும் கிறித்தவ உலகில் இருந்தது. புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் தம் துறவியர்க்கு எழுதிய ஒழுங்குநூல், அடுக்களைப் பணியை வாரமுறை வைத்து அனைவரும் ஆற்றவேண்டும் என்கின்றது. நோயாளிக்கும் இன்றியமையாத பிற பொறுப்புடையோர்க்குமே விலக்கு. குலமகனும் உழவன் மகனும் தத்தம் வாரம் வரும்போது ஒரே பானையைத் தேய்த்தனர். அமெரிக்காவில் பின்னர் எழுந்த கல்விக்கூடங்கள் பெனடிக்டைப் பின்பற்றினோம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பெரும்பாலானவை புராட்டஸ்டண்டு சபையினர் நிறுவியவை. எனினும், சைஸரின் வழியா, துறவி மடத்தின் வழியா என்னும் தேர்வு அவற்றின் முன்னும் நின்றது.

1827இல் ஜார்ஜ் வாஷிங்டன் கேல் என்னும் போதகர் நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா கல்விக்கூடத்தைத் தொடங்கினார். மாணவர்கள் நாள்தோறும் சில மணி நேரம் வயலிலும் பட்டறையிலும் உழைத்து, அதனால் உணவுச் செலவை ஈடுகட்டுவது திட்டம். வறிய இளைஞர்கள் போதகப் பணிக்கு வர வழி பிறக்கும். நாள் முழுதும் ஏட்டைக் கட்டி அழுது உடல் நலியும் கேடும் நீங்கும் என்றனர். இக்கருத்தைப் பரப்ப 1831இல் நியூயார்க்கில் ஒரு சங்கமே அமைந்தது. அதன் முகவராக நாடெங்கும் அலைந்த தியடோர் வெல்டு, அடிமை ஒழிப்புக்காகப் பின்னாளில் பெரும்பணி ஆற்றியவர். 1833இல் ஒஹையோ காட்டுப் பகுதியில் தோன்றிய ஓபர்லின், மாணவரிடம் நாளுக்கு நான்கு மணி நேர உழைப்பை எதிர்பார்த்தது. 1835இலேயே கறுப்பின மாணவரை ஏற்க முடிவு செய்தது. உடலுழைப்பு இழிவென்னும் எண்ணமும் அடிமைமுறையும் ஒரே வேரில் கிளைத்தவை என்று இவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

நம்பிக்கை உயர்ந்தது, கணக்கு இடித்தது. தொழில் பழகாத இளைஞன் இரண்டு மூன்று மணி நேரத்தில் செய்யும் வேலை, கூலியாள் செய்வதில் பாதிகூட இராது. அவன் தொழிலைக் கற்றுத் தேறும்போது படிப்பு முடிந்து வெளியேறிவிடுகின்றான். புதியவன் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றான். பயிர் மாணவனின் தேர்வு நாளைப் பார்த்து விளைவதில்லை. பனிக்காலத்தில் வயலில் வேலையே இல்லை. கருவிகளுக்கும், மேற்பார்வையாளர் ஊதியத்திற்கும், நிலத்திற்கும் ஆன செலவை விளைந்த பொருள் ஈடுசெய்யவில்லை. ஒருசில பத்தாண்டுகளுக்குள் பெரும்பாலான கூடங்கள் இம்முறையைக் கைவிட்டன. ஓபர்லினின் இலச்சினையில் கல்வியும் உழைப்பும் இணைந்தே நின்றன. வயல் வேலை மட்டும் மெல்ல மறைந்தது.

ஆண்கள் தோற்ற இடத்தில் ஒரு பெண்மணி வென்றார். மேரி லயன் 1837 நவம்பர் 8ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தைத் திறந்தார். கல்வி, உணவு, உறைவிடம் அனைத்திற்குமாக ஆண்டுக்கு 60 டாலர். அக்காலப் பெண்கள் கூடங்கள் பலவற்றோடு ஒப்பிட இது மிகக் குறைவு. எப்படி இயன்றது? அவர் எதையும் விளைவித்து விற்க முயலவில்லை. சமையலாளையும் பணிப்பெண்ணையும் அமர்த்தாமல், சமையல், சலவை, துப்புரவு அனைத்தையும் மாணவியரே நாளுக்கு ஒரு மணி நேரம் பகிர்ந்து செய்யும்படி ஏற்பாடு செய்தார். சந்தையில் விற்று ஈட்டுவதைவிட வீட்டுச் செலவை மிச்சப்படுத்துவது எளிது என்பதைக் கண்டுகொண்டதே அவருடைய நுண்ணறிவு. வருமானம் தேடிய ஒனைடாவுக்குக் கிட்டாத வெற்றி, செலவைக் குறைத்த லயனுக்குக் கிட்டியது. நம் இல்லத்தரசியர் அறியாத பொருளியல் அன்று இது.

செல்வர் மகளுக்கும் இதில் விலக்கில்லை. பணம் கூடுதலாகக் கொடுத்து வேலையிலிருந்து தப்ப இயலாது. 1847இல் அங்கே ஓராண்டு பயின்ற எமிலி டிக்கின்சன் வழக்கறிஞர் ஒருவரின் மகள். பின்னாளில் அமெரிக்கக் கவிதையின் உச்சியில் வைத்துப் போற்றப்பட்ட அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை கத்திகள். காலையிலும் நண்பகலிலும் முதல் வரிசை மேசைகளிலிருந்து கத்திகளை எடுத்துச் செல்வதும், இரவில் அதே அளவு கத்திகளைக் கழுவித் துடைப்பதும் தம் பங்கு என்று தோழிக்கு எழுதினார். அவ்வேலை பெரிய சுமையன்று என்ற தொனியே அக்கடிதத்தில் தெரிகின்றது. சைஸரின் கடிதம் எதிலும் நாம் கேளாத தொனி இது. எல்லாரும் கத்தி கழுவும் வீட்டில், கத்தி கழுவுபவர் எவரும் வேலைக்காரர் ஆவதில்லை.

உள்நாட்டுப் போருக்குப்பின் இம்முயற்சி தெற்கே சென்றது. அங்கே வேறோர் இடர் காத்திருந்தது. ஹாம்ப்டனிலும், 1881இல் வாஷிங்டன் அலபாமாவில் தொடங்கிய டஸ்கிகியிலும் இரவுப் பள்ளிகள் நடந்தன. பகலில் பத்து மணி நேரம் வேலை; இரவில் இரண்டு மணி நேரம் பாடம். ஈட்டியதில் உணவுக்குப் போக மிஞ்சியது, பின்னர்ப் பகல் வகுப்பில் சேரும்போது பயன்படச் சேமித்துவைக்கப்பட்டது. டஸ்கிகி மாணவர்கள் செங்கல் அறுத்துச் சூளையிட்டனர். மூன்று சூளைகள் கெட்டன. வாஷிங்டன் தம் கைக்கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் முறை சூளையிட்டபோதுதான் நல்ல செங்கல் கிடைத்தது. அந்தக் கட்டடங்களைப் பார்ப்போர் எவரும் அவற்றின் பெருமையை மறுக்க இயலாது. ஆயினும், பத்துக்கு இரண்டு என்னும் விகிதத்தில் கல்வி எங்கே நின்றது? டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ் 1903இல் தொடுத்த கடுமையான கேள்வி இதனைத் தொட்டது. கறுப்பின மக்களுக்குக் கைத்தொழிலே போதும், உயர்கல்வி வேண்டா என்று எண்ணிய வெள்ளையர்க்கு இம்முறை மிக வசதியாக அமைந்துவிட்டது என்றார் அவர். சூளை எரிக்க வேண்டியிருந்த வாஷிங்டனின் நெருக்கடியையும் நாம் புறந்தள்ளவில்லை. ஆனால், உழைப்பு கல்விக்கு வழியாக நிற்கின்றதா, கல்வியின் இடத்தில் தானே அமர்ந்துகொள்கின்றதா என்று கேட்கும் உரிமை டுபோய்சுக்கு இருந்தது.

இத்தனை படிப்பினைகளும் ஒருங்கே தெரியும் இடம் கென்டக்கி மாநிலத்தின் பெரீயா கல்லூரி. அடிமை ஒழிப்பாளரான ஜான் ஃபீ என்னும் போதகர் 1855இல் ஓரறைப் பள்ளியாக இதனைத் தொடங்கினார். திருத்தூதர் பணிகள் நூலின் பதினேழாம் அதிகாரத்தில், நற்செய்தியைத் திறந்த மனத்தோடு கேட்டு ஆராய்ந்த பெரோயா நகரத்தாரின் பெயரையே ஊருக்கு இட்டார். அதே அதிகாரத்தில் ஏதென்ஸ் நகரில் தூய பவுல் ஆற்றிய உரையிலிருந்து, மாந்தர் அனைவரும் ஒரே குருதியினர் என்னும் கருத்தைக் கல்லூரி தன் குறிக்கோளுரையாக ஏற்றது. அடிமைமுறை சட்டமாக இருந்த மாநிலத்தில் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1859 இறுதியில் ஆயுதம் தாங்கிய கூட்டம் ஃபீயையும் ஆசிரியர்களையும் குடும்பத்தோடு மாநிலத்தைவிட்டு வெளியேற்றியது. போர் முடிந்ததும் திரும்பினர். 1866-67ஆம் கல்வியாண்டில் படித்த 187 பேரில் 96 பேர் கறுப்பினத்தவர். 91 பேர் வெள்ளையர்.

அந்த மலைநாட்டு மக்களிடம் நிலமும் கைத்திறனும் இருந்தன. ரொக்கப் பணம் இல்லை. சிலர் கட்டணத்திற்கு ஈடாக வீட்டுத் தறியில் நெய்த கம்பளிப் போர்வைகளைக் கொணர்ந்தனர். 1892இல் தலைவரான வில்லியம் ஃப்ராஸ்ட், அப்போர்வைகளை வடமாநிலச் செல்வர் விரும்பி வாங்குவதைக் கண்டு, நெசவைக் கல்லூரியின் தொழிலாகவே வளர்த்தார். அதே 1892 முதல் பெரீயா கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. துடைப்பம் செய்தல், மரவேலை, பண்ணை, அச்சகம் எனப் பலவும் தோன்றின. 1909இல் கட்டப்பட்ட பூன் டாவர்ன் என்னும் விடுதியிலும் மாணவர்களே பணியாற்றலாயினர். இன்றும் அங்கே ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது பத்து மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். பணத்தேவை உள்ளவர் மட்டுமே சேர்க்கப்படுகின்றனர். ஆகவே அமர்வோர், பரிமாறுவோர் என்னும் பிரிவு அங்கே எழுவதற்கில்லை.

ஆனால், ஃப்ராஸ்ட் காலத்தில் கல்லூரியின் நாட்டம் அப்பலாச்சிய மலைகளின் வெள்ளை இளைஞர் பக்கம் சாய்ந்தது. கறுப்பின மாணவர் பங்கு குறைந்தது. பிறகு வெளியிலிருந்து அடி விழுந்தது. 1904இல் கென்டக்கி சட்டமன்றம், இரு இனத்தாரும் ஒரே கூடத்தில் படிப்பதைக் குற்றமாக்கி, மீறும் நிறுவனத்திற்கு ஆயிரம் டாலர் தண்டம் விதிக்கும் சட்டத்தை இயற்றியது. மாநிலத்தில் அப்படி இயங்கிய கல்லூரி பெரீயா ஒன்றே என்பதால் அது யாருக்காக எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1908இல் தோற்றது. கென்டக்கியில் பிறந்த நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் வன்மையாக மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். கல்லூரி நிதி திரட்டி, கறுப்பின மாணவர்க்கென லூயிவில் அருகே லிங்கன் கல்விக்கூடத்தை அமைத்தது. அது 1912இல் திறக்கப்பட்டது. கறுப்பின வரலாற்றாய்வின் தந்தை எனப்படும் கார்ட்டர் உட்சன் பெரீயாவில் பட்டம் பெற்றது 1903இல். ஓராண்டு தாமதித்திருந்தால் கதவு மூடியிருக்கும். 1950இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அது மீண்டும் திறந்தது. கூட்டாக உழைப்பது பணக்காரன், ஏழை என்னும் வேற்றுமையை அழிக்க வல்லது என்று கண்டோம். யார் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் வாயிலில் அதற்கு அதிகாரம் இல்லை என்பதையும் இந்த நாற்பத்தாறு ஆண்டுகளில் காண்கின்றோம்.

கட்டணமின்றிப் பெரீயா நடந்தது எவ்வாறு? போர்வையும் துடைப்பமும் விற்ற பணத்தால் அன்று. உயிலின்படி வரும் கொடைகளை அன்றாடச் செலவில் கரைக்காமல் மூலநிதியில் சேர்ப்பதென 1920இல் அறங்காவலர்கள் முடிவு செய்தனர். அந்நிதி வளர்ந்து இன்று நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கல்விச் செலவில் பெரும்பங்கை அதன் வருவாயே தாங்குகின்றது. வாஷிங்டனின் கணக்கேட்டில் கண்ட அதே இரு பத்திகள்தாம் இங்கும்.

அரசு இத்துறையில் கால் வைத்தது பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது. 1935 ஜூன் மாதம் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தேசிய இளைஞர் நிர்வாகத்தை அமைத்தார். கல்லூரி மாணவர்க்குப் பகுதிநேர வேலை தந்து மாதம் ஏறத்தாழ 15 டாலர் ஊதியம் வழங்குவது அதன் திட்டங்களுள் ஒன்று. நூலகத்தில் அட்டை எழுதுவோர், ஆய்வகத்தில் குப்பி கழுவுவோர், நிலப்படம் வரைவோர் எனப் பலர் அதனால் படித்தனர். நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இத்திட்டத்தின்கீழ்ச் செய்த வேலை, ஆய்வகத்து எலிகளைப் பேணுவது. கறுப்பின இளைஞர்க்கான பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் மேரி மெக்லியோட் பெத்யூன் என்னும் கறுப்பினக் கல்வியாளர். வேலையற்றோர் வரிசையில் இளைஞர்களையும் நிறுத்தாமல் கல்லூரிக்குள்ளேயே வைத்திருக்கும் நோக்கமும் அரசுக்கு இருந்தது. 1943இல், போர்க்கால வேலைகள் பெருகிய நிலையில், அந்நிர்வாகம் கலைக்கப்பட்டது.

அந்நிர்வாகத்தின் டெக்சஸ் மாநில இயக்குநராக 1935இல் அமர்ந்தவருக்கு வயது 26. லிண்டன் ஜான்சன் என்பது அவர் பெயர். சான் மார்க்கோஸ் ஊரின் ஆசிரியர் கல்லூரியில் 1927 முதல் படித்தபோது வளாகத்தைக் கூட்டியும், காலுறை விற்றும், கல்லூரித் தலைவரின் அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்தும் காலம் தள்ளியவர். அதுவும் போதாமல், 1928இல் படிப்பை நிறுத்திவிட்டு, கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிகோ வழிவந்த குழந்தைகளின் பள்ளியில் ஆசிரியராக வேலை செய்து பொருளீட்டித் திரும்பினார். இவர் குடியரசுத் தலைவரானபின், 1964 ஆகஸ்ட் 20ஆம் நாள் கையொப்பமிட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் மாணவர் வேலை-கல்வித் திட்டம் ஒரு பகுதியாக இடம்பெற்றது. வறிய மாணவர்க்குக் கல்லூரி வேலை தரும். ஊதியத்தில் பத்தில் ஒன்பது பங்கை நடுவண் அரசு ஏற்கும். வகுப்பு நடக்கும் வாரங்களில் 15 மணி நேரத்திற்கு மிகாது. ஹாம்ப்டனின் பத்து மணி நேரத்தை நினைவுகூர்வோர் இந்த வரம்பின் அருமையை அறிவர். மறு ஆண்டு உயர்கல்விச் சட்டத்தை ஜான்சன் தாம் படித்த சான் மார்க்கோஸ் கல்லூரிக்கே சென்று 1965 நவம்பர் 8ஆம் நாள் கையொப்பமிட்டார். தாம் செய்த வேலைகளையும், கல்லூரித் தலைவரின் வண்டிக்கூடத்தின் மேலிருந்த சிற்றறையில் வாழ்ந்ததையும் அன்று நினைவுகூர்ந்தார்.

இனி, 1964ஆம் ஆண்டின் கணக்கைப் பார்ப்போம். அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்மாநில மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் சராசரியாக 250 டாலருக்குள் அடங்கியது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஒன்றேகால் டாலர். ஆக, 200 மணி நேரம் உழைத்தால் கட்டணம் கைக்கு வந்துவிடும். வாரம் 15 மணி நேரம் என்றால் பதினான்கு வாரங்கூட ஆகாது. மீதியைக் கொண்டு உணவுக்கும் புத்தகத்திற்கும் ஓரளவு வழி செய்யலாம். ‘நாங்கள் உழைத்துப் படித்தோம்’ என்று அத்தலைமுறையினர் சொல்வது பொய்யன்று. ஆனால், அவர்கள் சொல்ல மறப்பது ஒன்றுண்டு. அந்த 250 டாலர், கல்விக்கான உண்மைச் செலவில் சிறு பகுதியே. எஞ்சியதை மாநில அரசு மக்களின் வரிப்பணத்திலிருந்து கட்டியிருந்தது. அங்கேயும் கொடைப் பத்தி இருந்தது. கொடையாளி கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

2023-24ஆம் கல்வியாண்டில் அதே வகைப் பல்கலைக்கழகங்களின் சராசரிக் கட்டணம் 11,000 டாலரைக் கடந்தது. நடுவண் அரசின் குறைந்தபட்சக் கூலியோ 2009 முதல் மாறாமல் ஏழேகால் டாலர். கட்டணத்திற்கு மட்டும் 1,500 மணி நேரத்திற்குமேல் உழைக்க வேண்டும். வாரம் 15 மணி நேரம், முப்பது வாரம் என உழைத்தால் 450 மணி நேரமே தேறும். பல மாநிலங்கள் உயர்ந்த கூலியை விதித்துள்ளன. மணிக்கு 15 டாலர் கிடைக்கும் இடத்திலும் 730 மணி நேரத்திற்குக் குறையாது. அரசு இத்திட்டத்திற்கு 2024ஆம் நிதியாண்டில் நூறு கோடி டாலருக்குமேல் ஒதுக்கியது உண்மை. அப்பணத்தைப் பங்கிடும் முறையோ, நெடுங்காலமாகத் திட்டத்தில் இருக்கும் பழைய கல்லூரிகளுக்குச் சாதகமானது. வறியோர் மிகுதியாகச் சேரும் பொதுக் கல்லூரிகளுக்குக் குறைவாகவே போய்ச் சேருகின்றது. இந்நிலையில் கடன் சுமந்து நிற்கும் இளைஞரை நோக்கி, ‘எங்களைப்போல் உழைத்துப் படிக்கக்கூடாதா?’ என்று முதியோர் கேட்பது கொடுமை. அவர்கள் உழைக்காமல் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தின் இரவு மேசையிலும் உணவகத்தின் பாத்திரத் தொட்டியிலும் அவர்களைக் காணலாம். ஊதியம் செலவைத் தொடுவதற்குள் செலவு எட்டாத உயரத்திற்குப் போய்விட்டது.

ஒனைடா தோற்றதன் காரணத்தை உணர்ந்து வேறு வழி கண்டவர்களும் உளர். சிகாகோ நகரின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் 1996இல் இயேசு சபையினர் தொடங்கிய கிறிஸ்தோ ரேய், கல்லூரியன்று, உயர்நிலைப் பள்ளி. அங்கே நான்கு மாணவர் சேர்ந்து ஓர் அலுவலகத்தின் ஒரு முழுநேர வேலையைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஆளுக்கு வாரம் ஒரு நாள். ஊதியம் பள்ளிக்குப் போகின்றது. விற்பனைக்குப் பொருள் செய்யும் தொல்லை இல்லை. வேலைக்கு உண்மையான சந்தை விலையும் உண்டு. எல்லாரும் வேலைக்குப் போவதால் எவருக்கும் நாணமில்லை. அங்கும் மீதிப் பள்ளத்தை நன்கொடைதான் நிரப்புகின்றது.

பெரீயாவைக் குறித்து அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே பதிவு செய்கின்றோம். 2017 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம், மாணவர் தொகையோடு ஒப்பிடும்போது பெருநிதி வைத்திருக்கும் தனியார் கல்லூரிகளின் முதலீட்டு வருவாய்மீது வரி விதித்தது. ஹார்வர்டு, யேல் போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அச்சட்டத்தின் வலையில், ஏழைகளை மட்டுமே சேர்க்கும் பெரீயாவும் சிக்கியது. ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு மாணவர்க்கு நூறு கோடி டாலர் நிதி என்பது கணக்கில் பெருஞ்செல்வமாகத் தெரிந்தது. அந்நிதியே அம்மாணவர்களின் கட்டணம் என்பதைச் சட்டத்தின் சொற்கள் அறியவில்லை. கென்டக்கி உறுப்பினர்கள் முறையிட, 2018 பிப்ரவரியில் ஒரு திருத்தம் வந்தது. குறைந்தது ஐந்நூறு ‘கட்டணம் செலுத்தும் மாணவர்’ உள்ள கல்லூரிகளுக்கே வரி என்று சொற்களைச் சேர்த்தனர். பெரீயாவில் அத்தகையோர் ஒருவரும் இல்லை.